காய்ந்த செடிகளின் படம்

கொழுந்துக் கூடையில் நாள் முழுக்க நசுங்கிய பச்சை இலையின் வாசம், மழை ஈரத்தோடு சேர்ந்து, வேலை முடிந்து வரும் அம்மாவுக்கு முன்னதாகவே தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலுக்கு வந்துவிடும். இன்றைக்கு யாருக்கு எந்த ‘நெரை’, அதாவது எந்தத் தேயிலை வரிசையில் யாரைக் கங்காணி கொழுந்தெடுக்க நிறுத்தினார் என்று அம்மா சொல்ல, நான் கொப்பியில் குறித்துக்கொள்வேன்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், அந்த வருடம் எதிர் மலையின் ஒரு மூலையில் செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பதினோரு வயதுக்காரியான எனக்கு அதைப் படமாகப் போடத் தோன்றியது. வரிசைக்கு ஒரு கோடு, காய்ந்த செடிக்குச் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் அங்கே நின்றவரின் பெயர். இரண்டு மாதத்தில் சிவப்பெல்லாம் ஏறக்குறைய ஒரே பெயரை ஒட்டிச் சேர்ந்திருந்தது: செல்லாயி அக்கா, லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தவர். கண்ணால் கண்டதைத்தானே வரைந்தேன், ஆகவே அது உண்மை என்று நம்பினேன்.

அம்மா கொப்பியைப் பீலிக்கு, தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, எடுத்துப் போனார். அங்கே கூடிய பெண்களுக்குச் செல்லாயி அக்காவின் கைராசிதான் பேச்சானது.

“அவ குடுத்த வெங்காயத்த வாங்குன அன்னைக்கே எங்க வீட்டுல பால் திரிஞ்சிச்சுடி.”

“ஒங்க வீட்டுப் பால் அவ குடுக்காட்டியும் திரியும்.”

சிரித்தார்கள். ஆனால் மறுநாள் காலைப் ‘பெரட்டு’க் களத்தில், வேலை பிரிக்கும்போது, செல்லாயி அக்காவுக்கு அடுத்த நெரையில் நிற்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கங்காணி என் கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

“படிச்ச புள்ள போட்டிருக்கு, நான் என்னத்தச் சொல்ல? செல்லாயி, நீ இனிமே கொழுந்துக்கு வராத.”

கொழுந்து இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் காம்பராவும் இல்லை. செல்லாயி அக்கா கொப்பியைக் கேட்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்க பாப்பா. நான் போய் நின்ன பொறகு காஞ்சிச்சா, இல்ல காயிற எடமாப் பார்த்து என்னைய நிப்பாட்டுனாங்களா? அத எங்க போட்டிருக்க?”

கொப்பியில் தேதியே இல்லை. கங்காணி அதைப் பிடுங்கி மூடினார், கொஞ்சம் அவசரமாக.

அந்த வாரமே தகரப் பெட்டியோடு செல்லாயி அக்கா பொகவந்தலாவையில் இருந்த தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினார். செடிகள் அதற்குப் பிறகும் காய்ந்தன. இந்த முறை தேதி போட்டேன். புள்ளிகளைச் சேர்த்தபோது வட்டம் வந்தது. நடுவில், வெட்டிப்போட்ட நிழல் மரமொன்றின் அடிக்கட்டை. சுற்றிலும் கான், அதாவது வடிகால், வெட்டியவர்கள் அழுகிய வேர்களை அள்ளி வெளியே போட்டார்கள். நோய் கட்டையிலிருந்து வேர் வழியாகப் பரவியிருந்தது. செடி காய்வதற்குச் சில வாரம் முன்பே இலை மஞ்சளாகிவிடுமாம். தினமும் மலையில் நடந்த கங்காணியின் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்?

“பெரட்டுல அவர எதுத்துப் பேசுன நாள்லேர்ந்து செல்லாயிக்கு அந்த மூலதான்” என்றார் அப்பா.

எல்லாம் பொருந்தியது. பொருந்தியதாலேயே எனக்கு உறுத்தியது. முதல் படமும் இப்படித்தான் பொருந்தியிருந்தது. வட்டத்தை மண்ணில் தோண்டிச் சரிபார்க்க முடிந்தது. கங்காணியின் மனதைத் தோண்ட வழியில்லை. பின்னாளில் பத்திரிகைக்கு எழுதும்போதும், தகவல்கள் தாமாக வந்து ஓர் உருவத்தில் உட்கார்ந்தால், அந்த உருவம் வெளியே இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்காமல் நான் நகர்வதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கடைசிக் காம்பரா இடிந்துவிட்டது. அடிக்கட்டை இல்லை, வட்டம் இல்லை. மூலை முழுக்கப் புதுச் செடிகள் ஒரே பச்சையாக நிற்கின்றன. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த இளம்பெண் அந்த இடத்துக்கு வந்ததும் கும்பிட்டுவிட்டுத்தான் கை வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“முன்னாடி செல்லாயின்னு ஒருத்தி இங்க நின்னு செடியெல்லாம் கருக்கிட்டுப் போனாளாம்க்கா.”

அது வேர் நோய், நானே பார்த்தேன், அவர்மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீங்க அவளுக்குச் சொந்தமா?”