சிவப்புப் புள்ளி வைத்த சிலிண்டர்

என் வண்டியின் கம்பெனிப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது ஒருவர் கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடோன் குடோனாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை, கூரைக்குப் பதில் மடக்கும் துணி, வயதில் எனக்கு மூத்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நீங்கள் நினைத்தால், சரிதான். நான் மிளகு புரோக்கர். அப்பாவும் அதே தொழில்தான் செய்தார். மிளகில் பப்பாளி விதையைக் கலந்து கொண்டுவந்து, சத்தியமாக மலைச் சரக்கு என்று சொல்பவர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். யார் சாக்கைப் பிரித்துக் காட்டினாலும் மேலே இருப்பதை நான் பார்ப்பதில்லை. முழங்கை வரை கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுத்துப் பார்ப்பேன். எதிரில் நிற்பவர் முகம் சுளித்தால் இன்னும் கொஞ்சம் ஆழமாக விடுவேன்.

பழைய கார்க்காரர்கள் இந்த விஷயத்தில் எனக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடினால் வாய் முழுக்கப் பாராட்டுதான். ஆனால் பாதிப் பேர் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். நீங்கள் சாயா வாங்கப் போன நேரத்தில் அதை உங்கள் வண்டியின் மட்கார்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் விழுந்தால், துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர்களுக்கு வேண்டியது ஒரே வார்த்தைதான்: ஒரிஜினல். வண்டி ஓடுமா, நிற்குமா என்பதெல்லாம் அப்புறம். என் வண்டிக்கு மற்றவர்களுக்கு வைப்பதைவிட இரண்டு முறை கூடுதலாகவே காந்தம் வைத்திருப்பார்கள். என் கையில் கிரீஸ் வழியும்போதே என்னிடம் வந்து, "ஓனர் வரலையோ சேச்சி?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களின் வண்டியை நானும் விட்டுவைத்ததில்லை. என்னிடமும் காந்தம் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் காந்தம் இல்லாமல் வருகிற ஒரே ஆள் அண்ணன். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், இடக்கொச்சியில் வீடு. எங்களைப் போலவே பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவரிடமும் என்னுடைய வண்டியேதான் இருக்கிறது. அதே கம்பெனி, அதே மாடல். என்னுடையது கரும்பச்சை, அவருடையது தந்த நிறம். எங்கள் பழைய மிளகு குடோனில் இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தியிருந்தோம். குடோன் சாவியும் இரண்டு, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. உப்புக்காற்றிலிருந்து தகரத்தைக் காப்பாற்ற எதைப் பூசலாம், வயரைக் கடிக்கும் எலியை எப்படி விரட்டலாம் என்று மழை நாட்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். என்னை "தங்கச்சி" என்பார். வேறு யாரையும் நான் அந்தக் குடோனுக்குள் விட்டதில்லை.

தோப்பும்படியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் கார்புரேட்டரைக் கழுவக் கொடுத்து, வேறு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். வண்டியின் ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்துக்கும் அடியில், வெளியே தெரியாத இடத்தில், சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அண்ணனிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அடையாளம் எதற்கு?

மழை முடியும் சமயம். அடுத்த மாதம் எறணாகுளத்தில் பழைய கார்களின் போட்டி இருந்தது. நடுவர்கள் பானட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பார்கள். என் வண்டியில் எதுவும் மாறவில்லை, பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் வரை கம்பெனி முத்திரையோடு இருக்கிறது. பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளி நான்கு சக்கரத்தையும் பிடிக்க வைப்பது அதுதான். அண்ணனின் வண்டியில் அந்தச் சிலிண்டர் எப்போதோ போய், கோயமுத்தூரில் செய்த புதிது ஒன்று இருந்தது. நன்றாக வேலை செய்யும், ஆனால் பார்த்தவுடன் மதிப்பெண் போய்விடும். நிறத்தை விட்டால் அந்த ஒரு சாமான்தான் எங்கள் இரண்டு வண்டிக்கும் நடுவில் வித்தியாசம். கூட்டத்தில் இதைச் சொல்லி அவரைச் சீண்டாத வாரமே கிடையாது. அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் வண்டியைக் குடோனுக்குள்ளேயே கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டினேன். எப்போதும் இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும் பிரேக் பெடல், அன்று முதல் மிதியிலேயே கெட்டியாக, உயரத்திலேயே நின்றது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. தானாகச் சரியாகிற வண்டி உலகத்தில் எங்கே இருக்கிறது? பானட்டைத் திறந்தேன். இருக்க வேண்டிய இடத்தில் சிலிண்டர் இருந்தது, கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தது. விரலால் சுரண்டினால் அடியில் முத்திரை இல்லை. சிறு கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தேன். புள்ளியும் இல்லை.

எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரர் இல்லாதபோது அடுத்தவர் பானட்டைத் திறக்கக்கூடாது. மழைக்காக அண்ணனின் வண்டி சக்கரம் கழற்றிய நிலையில் மரக்கட்டைகள் மேல் நின்றது. நான் அதன் பானட்டைத் திறந்தேன். என் சிலிண்டர் அங்கே இருந்தது. கண்ணாடியில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

அன்று நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஊரே காந்தம் வைத்தபோது வைக்காதவர் கடைசியில் இதற்காகத்தான் வைக்கவில்லையா? வெளியில் நின்று பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் காந்தம் வேண்டும், குடோன் சாவி இருப்பவருக்கு அது எதற்கு என்று மனம் ஓடியது.

கேட்டிருக்கலாம். ஆனால் சரக்கில் கலப்படம் கண்டால் உடனே கத்துகிறவள் நல்ல புரோக்கர் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஆளைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். வழக்கத்தைவிட அதிகப் பாசமாக இருந்தார். வீட்டிலிருந்து கப்பைக் கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்தார். சாயா ஆறும் முன்னால், "தங்கச்சி, பிரேக்கு இப்போ எப்படிப் பிடிக்குது?" என்றார்.

"எப்பவும் போலத்தான் அண்ணா."

"ஒண்ணும் வித்தியாசம் தோணலை, அல்லே?"

"என்ன வித்தியாசம்?"

"சும்மா கேட்டேன்."

கண்டுபிடித்துவிட்டேனா என்று ஆழம் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கொண்டுவந்த மீனை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஒரு கல்யாணத்துக்காக அவர் பாலக்காடு போனபோது நான் குடோனைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தேன். என் சிலிண்டரைக் கழற்றி என் வண்டிக்கு மாட்டினேன், அவருடையதை அவருக்கு மாட்டினேன். குழாயில் புகுந்த காற்றை, பாட்டிலும் ரப்பர் டியூபும் வைத்துத் தனியாகவே எடுத்தேன். கடைசியில் பெடலை மிதித்தபோது கொஞ்சம் மெத்தென்று இருந்தது. உள்ளே இன்னும் காற்று இருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். அவரிடம் எதுவும் சொல்வதாக இல்லை. போட்டியில் இரண்டு வண்டியின் பானட்டும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிறு எல்லோரும் வெலிங்டன் தீவு வரை போய்வருவதாக ஏற்பாடு. அண்ணனின் வண்டி இன்னும் கட்டைகள் மேல்தான் இருந்தது. அதனால் என் வண்டியில் வந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். கள்ளம் செய்த ஆளுக்கு எப்படி இவ்வளவு நிம்மதி என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வழியெல்லாம் ஏதோ துறைமுகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டினேன்.

தோப்பும்படியில், பாலத்துக்குத் திரும்புவதற்கு முன்னால், எனக்கு முன்னே போன மீன் வேன் திடீரென்று நின்றது. பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் பிரேக்கை இரண்டு முறை மிதிப்பார்கள். முதல் மிதி தட்டி எழுப்ப, இரண்டாவது பிடிக்க. நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் மிதிக்கிறேன். அன்று இரண்டாவது மிதிக்கு நேரமில்லை. ஒரே மிதியில் பெடல் தரைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வேனைத் தாண்டி, சாலையோரம் அடுக்கியிருந்த காலி மீன் பெட்டிகளுக்குள் போய் வண்டி நின்றது. பெட்டிகள் சரிந்து பானட் மேல் விழுந்தன. பெட்டிக்காரர் மலையாளத்தில் என் குடும்பத்தையே விசாரித்தார். யாருக்கும் அடியில்லை. எங்களுக்கு முன்னால் போன வண்டிகள் எதுவும் தெரியாமல் பாலம் ஏறிப் போய்விட்டன.

அண்ணன் பெட்டிகளைப் பார்க்கவில்லை. தரையோடு கிடந்த பெடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தினியா?"

"நீங்கதானே மொதல்ல மாத்தினீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார். எலிக்கு மருந்து வைக்க என் வண்டியை நகர்த்தியபோது, மிதித்த பெடல் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே போனதாம். உள்ளே ரப்பர் தேய்ந்து எண்ணெய் தப்பித்துக்கொண்டிருந்தது.

"நீ ரெண்டு தடவை மிதிச்சு மிதிச்சுப் பழகிட்டே. உனக்கு அது தெரியலை. என் வண்டி கட்டை மேல சும்மாத்தானே நிக்குது. அதான் என்னோடதை உனக்கு மாட்டினேன். புது ரப்பருக்குச் சொல்லியிருக்கேன். வந்ததும் உன்னோடதைச் சரியாக்கி, போட்டிக்கு முன்னாடி திரும்ப வச்சிரலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா சம்மதிச்சிருப்பியா? கோயமுத்தூர் சாமானை உன் வண்டிக்குள்ள விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். நிச்சயமாக விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் பிரேக்கை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று இவரும்தானே நினைத்திருக்கிறார். அந்த "ஓனர் வரலையோ" ஆட்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

"என் வண்டி. கேக்காம எப்படிக் கை வைப்பீங்க?"

"தப்புதான்," என்றார். அதோடு விட்டிருந்தால் எனக்கு இன்றைக்கும் பாதிக் கோபம் மிச்சம் இருந்திருக்கும். அவர் விடவில்லை. "நீ எப்போ பார்த்தே?"

"நீங்க கப்பை கொண்டுவந்தீங்களே, அதுக்கு முன்னாடியே."

"பின்னே ஏன் கேக்கலை?"

"போட்டியில பானட் தொறக்கறப்போ உங்க முகத்தைப் பாக்கணும்னு இருந்தேன்."

மீன் வேன் கிளம்பிப் போனது. பெட்டிக்காரர் திட்டி முடித்துப் பெட்டிகளை மறுபடி அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"அப்போ என்னைக் கள்ளன்னு நெனச்சுட்டுத்தான் நான் கொண்டுவந்ததைத் தின்னே. கள்ளன்னு நெனச்சுட்டுத்தான் இன்னைக்குப் பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் அவரைக் கவனித்தேன் என்று பெருமைப்பட்டேனே, கவனித்ததில் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் இறங்கி, பெட்டிகளை விலக்கி, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. இழுவை வண்டியைக் கூப்பிடலாம் என்றேன். கொக்கி போட்டு இழுத்தால் முன் பம்பர் வளையும், வேண்டாம் என்றார். ஒரிஜினல் பம்பர்.

"ஒண்ணாம் கியர்லயே வா. ஹேண்ட்பிரேக்குல கை இருக்கட்டும். நான் முன்னாடி நடந்து வழி ஒதுக்கறேன்."

"அவ்வளவு தூரம் நடக்கறதா? ஏறுங்கண்ணா. பக்கத்துல உக்காந்து கையைக் காட்டினாப் போதும்."

"வேண்டாம்," என்றார்.

அப்படித்தான் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். ஆட்டோக்களும் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. அவர் கையை உயர்த்தி ஒவ்வொன்றையும் நிறுத்தி எனக்கு வழி வாங்கிக் கொடுத்தார். வெயில் ஏறியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏறுங்கள் என்று நான் இன்னும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். கேட்டிருக்கும். பிரேக் இல்லாத வண்டி பின்னால் வருகிறது, ஓட்டுகிறவள் அவரைத் திருடன் என்று நினைத்தவள். அப்படியிருந்தும், இடித்துவிடுவேனோ என்று குடோன் வாசல் வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.