ஒன்றுக்குக் கீழே போனால் பூஜ்யம்

கட்டி எப்படி வளர்கிறது, மருந்து கொடுத்தால் எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் இந்த வேலையைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் ‘கேன்சர் கம்ப்யூட்டர்’. நாங்கள் இருந்த ஆயுதத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் யாருக்கு என்ன வந்தாலும் அம்மா என்னிடம்தான் அனுப்பி வைப்பாள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. மருந்து கொடுக்கக் கொடுக்கச் செல்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடாது. அரைச் செல், கால் செல் என்று போய்க்கொண்டே இருக்கும். மருந்தை நிறுத்தியதும் அந்தக் கால் செல் மறுபடி வளர ஆரம்பித்துவிடும். உலகத்தில் கால் செல் என்று ஒன்று கிடையாது. அதனால் நாங்களே ஒரு வரி சேர்ப்போம்: ஒன்றுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அந்த வரி இருந்தால் திரையில் சிலராவது பிழைப்பார்கள். எடுத்துவிட்டால் எல்லோருக்கும் திரும்ப வரும். மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

தம்பி அப்போது போசரியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். கன்டோன்மென்ட்டில் நம் ஆட்கள் வீட்டுப் பெண்ணைப் பேசித் தாம்பூலமும் மாற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் தங்கையையும் கூட்டிக்கொண்டு கடக்வாஸ்லா அணைக்குப் போய், சுட்ட சோளம் தின்றுவிட்டு வருவான். அந்தச் சமயத்தில்தான் கழுத்தில் கட்டி. ஊசி, வாந்தி, முடி கொட்டல் எல்லாம் ஆயிற்று. கடைசி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். அம்மா பேடா வாங்கி வரிசை வீடு முழுக்கக் கொடுத்தாள். நான் மட்டும் என் பங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஸ்கேனில் தெரிவதற்கே கோடிக்கணக்கில் செல்கள் சேர வேண்டும். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல.

பெண்ணின் அப்பா வந்தார். நல்ல மனிதர். தம்பியின் தோளைத் தட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்கம்மா. நீ வூட்டுப் பொண்ணு, இதையே படிச்சவ. ஒரு வார்த்த சொல்லு. திரும்பி வராது, இல்ல?”

டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால்? பல பேருடைய கட்டியை ஒன்றாகப் போட்டு அரைத்ததுதான் என் கணக்கு. ஒற்றை ஆளைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் தொழிலில் அதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டோம்.

“எனக்குத் தெரியாது, மாமா,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். தெரிந்துகொண்டே மறைக்கிறாள் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த வாரமே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்.

“வராதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் வாயில இருக்கற முத்து கொட்டிடுமாடி?” என்று அம்மா கத்தினாள்.

“சோடு அம்மா. டென்ஷன் நக்கோ,” விட்டுவிடு, கவலைப்படாதே என்று மராத்தியில் சொன்னான் தம்பி. அதன் பிறகு அவன் கடக்வாஸ்லா பக்கமே போகவில்லை.

கட்டி திரும்ப வரவும் இல்லை. ஒவ்வொரு செக்கப்பும் சுத்தமாக வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு டிபன் கேரியரோடு தனியாகப் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் சொன்னது பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் என்று வீம்பாக நினைத்துக்கொள்வேன்.

சில வருஷம் கழித்து, நான் தனி வீடு எடுத்துப் போன பிறகு, அம்மா போன் செய்தாள். வேலூர்ப் பக்கம் பெண் பார்த்து முடிவாகிவிட்டதாம். பெண் பார்க்க எல்லோரும் போயிருக்கிறார்கள், சித்தி மகன் உட்பட. என்னிடம் மூச்சு விடவில்லை. “கல்யாணத்துக்கு வா. வந்து ஒண்ணும் பேசாத,” என்றாள்.

மண்டபத்தில் தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாடா?”

அவன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். “ஒரு தடவ சொல்லித்தான் பாத்தமே, அக்கா.”

நான் பந்திப் பக்கம் போய்விட்டேன்.

அவர்கள் புனேக்கு வந்த பிறகு அம்மா வீட்டில் முதல் விருந்து. புதுப்பெண் அவளே சமைத்து அவளே பரிமாறினாள். கள்ளம் கபடமில்லாத முகம். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் தட்டில் சோறு வைத்தபடி, “அண்ணி, நீங்க கம்ப்யூட்டர்ல இன்னா வேல பாக்கறீங்க? ஹிஞ்சேவாடியிலயா?” என்றாள். சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் வந்துகொண்டிருந்தன; அப்போது புனேயில் கம்ப்யூட்டர் என்றால் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அம்மாவின் கை அப்பளத்தோடு நின்றது. தம்பி தலையைத் தூக்கவில்லை. சோற்றில் வைத்த விரல்கள் அசையாமல் இருந்தன.

“ஆமாம்மா,” என்றேன். “ஹிஞ்சேவாடியிலதான்.”

அவள் ரசம் எடுத்து வர உள்ளே போனாள். தம்பி சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.