பாலன் படுக்கைக்கு வைக்கோல்

"ஒரு வைக்கோலுக்கு இம்மாங் கேள்வியா? நீ இன்னா போலீசா?" என்று மீன்காரி சவரியம்மாள் கோயில் வாசலிலேயே கூடையை இறக்கிச் சண்டைக்கு நின்றாள். ஆகமன காலத்தில் வைக்கோல் காக்கிறவளுக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் பீடத்தருகே ஒரு காலித் தீவனத்தொட்டி இருக்கும். ஆசைப்பட்டதை விட்டவர், கோபத்தை அடக்கியவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வைக்கோல் போடலாம். பிறக்கப்போகும் பாலனுக்கு அதுதான் மெத்தை. கான்வென்டில் மதர் கற்றுத்தந்த வழக்கம் என்று ஒரு நாள் உளறிவிட்டேன். சுவாமியார் வைக்கோல் கட்டை என்னிடமே ஒப்படைத்துவிட்டார்; வந்து கேட்பவரை விசாரித்து ஒவ்வொன்றாகக் கொடுப்பது என் வேலை. இந்த ராயபுரத்தில் யார் சொல்வதை நம்புவது? உங்கள் கோயிலிலும் ஒருத்தி இப்படி மாட்டியிருப்பாள். அவளுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சிவந்த வாய்

சவரியம்மாள் வெற்றிலையை விட்டாளாம். வாயைப் பார்த்தேன், செக்கச்செவேல் என்று இருந்தது. "இது என்ன?" என்றேன். அவள் அசரவில்லை. "நேத்து பூரா வுட்டேன். இன்னிக்கி போட்டுகினேன். நேத்து வைக்கோலத்தானே கேக்கறேன்?"

சுருட்டு

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. சுருட்டை விட்டேன் என்று கை நீட்டினார். சட்டையை முகர்ந்தேன், கிடங்கு முழுவதும் புகைந்த நாற்றம். பக்கத்து மேஜைக்காரர் பிடித்தாராம். "பக்கத்திலே உட்கார்ந்து அந்த வாசனையைத் தாங்கினேன் பார், அதுக்கு இன்னொண்ணு சேர்த்துக் கொடு."

பழுப்பு வைக்கோல்

இரண்டாம் வாரமே தொட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. நான் கொடுத்ததோ கொஞ்சம். அதுவும் மஞ்சள் வைக்கோல். தொட்டியில் கிடந்ததெல்லாம் பழுப்பு. எங்கள் தெருவில் மாடு இருப்பது ஒரே வீட்டில்: என் நாத்தனார் பிலோமினா. எனக்கும் அவளுக்கும் ஈஸ்டரிலிருந்து பேச்சு இல்லை. என் பவழ ஜெபமாலையை அவள்தான் எடுத்தாள் என்று தெருவே கேட்கும்படி சொல்லியிருந்தேன்.

என்னைக் கேலி செய்யத்தான் அள்ளிக் கொட்டுகிறாள் என்று நினைத்து, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் பிடித்து விசாரித்தேன். அவர் விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னார்: "அந்தம்மா டெய்லி மொதப் பூசைக்கு வருது. உங்களப் பாத்து வர்ற பேச்சை முழுங்கறப்பல்லாம் ஒண்ணு போடுதாம். நானே கேட்டேன்."

ஊதாத் துணி

மூன்றாம் வாரம், பீடத்துக்கு ஊதாத் துணி வேண்டும் என்றார்கள். டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். துணியின் மடிப்பில் பவழ ஜெபமாலை இருந்தது. போன ஈஸ்டருக்கு முன், தபசு காலம் முடிந்ததும் என் கையாலேயே மடித்து வைத்த துணி. பெட்டியை மூடி, மேலே உட்கார்ந்துகொண்டேன். பிலோமினாவே ரகசியமாக வந்து வைத்திருப்பாளோ என்றுகூடக் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பெட்டிச் சாவி ஏழு வருஷமாக என் இடுப்பில்தான் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் முதலில் சில்லறைப் பாவங்களைச் சொன்னேன்; இதைக் கடைசியில் மெதுவாகச் சொன்னேன். சுவாமியார் மெதுவாகக் கேட்கிறவர் அல்ல. "திருடி என்று தெருவில் சொன்னீர்கள், இல்லை என்பதையும் தெருவிலேயே சொல்லுங்கள். அதுவரை நீங்கள் ஒரு வைக்கோலும் போட வேண்டாம்."

என் பங்கு

மறுநாள் காலை பிலோமினா வீட்டு வாசலில் நின்றேன். சவரியம்மாள் கூடையோடு நின்றுவிட்டாள். குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். நல்லதுதான், சாட்சி வேண்டுமே.

"பிலோமி, ஜெபமாலை என் பெட்டியிலேயே இருந்தது. நீ எடுக்கலை. நான் சொன்னது பொய்," என்றேன். உள்ளே மாட்டுக்குத் தவிடு கலக்கும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

"இத்த நம்பலாமா?" என்றாள் சவரியம்மாள்.

ஊரில் எல்லோரிடமும் வாக்குமூலம் கேட்டுத்தான் வைக்கோல் கொடுத்தேன். என் வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் வெளியே வரவில்லை.

"பிலோமி, உன் கையால எனக்கு ஒரு வைக்கோல் கொடு."