மண்டோருக்கு ஒரு மெடல்

சிரம்பான் லோபாக்கில் கோப்பை, மெடல் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பேத்தி ஓடி வாங்கிய மெடலுக்கு நாடா மாற்றப் போனேன். ஊதினால் பறக்கும் கனம். கடைக்காரப் பெண் ஏதோ பாலிஷ் போட்டுத் துடைத்தாள். அந்த வாடை என்னை நான் அப்போது வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துப் பட்டறைக்கு இழுத்துப் போய்விட்டது.

நானும் மெடல் செய்தவன்தான். சிரிக்காதீர்கள்.

மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட நேரம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி. பால்வெட்டை மேற்பார்க்கும் எங்கள் மண்டோரைக் காட்டிலிருந்து வந்தவர்கள் சுட்டுவிட்டார்கள். மரத்தில் வெட்டு கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷர். அவர் மனைவி அஞ்சலை அக்கா, முட்டி வலியால் பால் வெட்டுவதை விட்டிருந்தார். வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் வீடு கிடையாது, காலி செய் என்று உத்தரவு. வீட்டை விடச் சொல்லாதீர்கள் என்று அக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரை யோசித்தார். யோசித்து, மண்டோருக்கு மெடல் கொடுக்கத் தீர்மானித்தார்.

படமும் துரையே வரைந்தார். ரப்பர் மரம், சரிவாக ஒரு வெட்டு, கீழே கோப்பை. உடைந்த லாரி ஆக்சில் இரும்பில் அதை அப்படியே அச்சாகச் செதுக்கினேன். பித்தளைத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, அச்சின் மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரு போடு. எடுத்துப் பார்த்தால், இடமிருந்து வலமாக இறங்க வேண்டிய வெட்டு எதிர்ப்பக்கம் இறங்குகிறது. அச்சில் படத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது என் மூன்றாம் வகுப்பு மண்டைக்கு எட்டவில்லை.

ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவிடம் ஓடினேன். "துரை பாத்து நல்லா இருக்கெண்டு சொல்லிப்போட்டார். நீ வாயைத் திறவாதை" என்றார். இருபது வருஷம் ரப்பரில் இருந்த துரை அவர்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சனம் கூடியது. சிரம்பானிலிருந்து ஒரு போலீஸ் அதிகாரி வந்திருந்தார். அக்கா மெடலை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"யாருடா இந்த மரத்த வெட்டுனது? எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா காதப் பிச்சிருப்பாரு."

பால்மரத்துச் சனம் மொத்தமும் சிரித்தது. சந்தோஷம் என்று நினைத்துத் துரையும் சிரித்தார். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் இவ்வளவு வேகத்தில் வராது.

"நல்ல மெடல். பத்திரமா வீட்டுல மாட்டு."

"எந்த வீட்டுலங்க தொரை?"

சிரிப்பு நின்றது. கிராணி ஐயா வானத்தைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அக்கா போர்டிக்சனில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு லாரி ஏறினார். பிறகு பார்க்கவில்லை.

இப்போது லயமும் இல்லை, மரமும் இல்லை. அங்கே வரிசையாக மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். பாதி வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது.