செம்மறிகளுக்கு நான் வைத்த தீனி

செனாயில் பதினான்கு ஆண்டுகள் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். அதுவரை பொழுதுபோக்காக வளர்த்த ஆடுகள் அன்றிலிருந்து என் வேலையாகிவிட்டன. பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை. அதில் ஆறு வெள்ளாடுகளும் பதினொரு செம்மறிகளும் இருந்தன. கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. வாரநாட்களில் கெலாங் பாத்தாவில் நண்பரோடு தங்கிக்கொண்டு எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வருவார். வெள்ளிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வருவார்.

புல்லை மட்டும் தின்ற ஆடுகள் மெதுவாகத்தான் வளர்ந்தன. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு வைத்தால் எடை ஏறும் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தேன். ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டின் போதும் என்றார் கணவர். முதல் மாதமே செம்மறிகளின் முதுகெலும்பு சதைக்குள் மறைந்தது. மாதம் இரண்டு கிலோ ஏறியவை மூன்றரை, நான்கு என்று ஏறின. யாரையும் கேட்காமல் இரண்டு டின் ஆக்கினேன். போதாததற்கு, வெள்ளாட்டுக்காக வாங்கிய தாது உப்புக்கட்டியைச் செம்மறிகளும் நக்கட்டும் என்று நடுவில் தொங்கவிட்டேன். கணவரிடம் ஒரு டின் என்றே சொல்லி வந்தேன்.

ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் விரட்டிப் பிடித்துச் சாக்கில் தூக்கி எடை பார்த்தேன். மறுநாள் காலை கொட்டகையைத் திறந்தபோது, எல்லாவற்றிலும் கனமான கிடா தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. கூப்பிட்டேன், வரவில்லை. அது மூத்திரம் பெய்ததைப் பார்த்தேன். பால் சேர்க்காத கோப்பி ஓ நிறத்தில் இருந்தது.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

கணவர் கைலியோடு ஓடி வந்தார். அதற்குள் ஒரு பெண் ஆடும் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தோம்; அவர் வருவதற்குள் கிடா செத்துப்போனது.

மருத்துவர் குலாயிலிருந்து வந்த தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். படுத்திருந்த ஆட்டின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. பிறகு கிடாவை மரத்தடிக்கு இழுத்துப்போய் வயிற்றைத் திறந்தார். ஈரல் மஞ்சளாக, தொட்டால் உதிரும்போல இருந்தது. சிறுநீரகங்கள் கன்னங்கரேல் என்று இருந்தன.

"அக்கா, என்ன தீனி குடுக்குறீங்க?"

"புல்லு. அப்புறம் புண்ணாக்கு."

"எவ்வளவு?"

கணவர் பக்கத்தில்தான் நின்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு டின், டாக்டர். காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு."

கணவர் என் பக்கம் திரும்பினார். "ஒன்னுன்னுதானே சொன்ன?"

மருத்துவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"அதுல காப்பர் இருக்குக்கா. வெள்ளாடு ஓரளவு தாங்கிக்கும், செம்மறி தாங்காது. ஈரல்ல கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சிக்கும். வெளிய ஒன்னும் தெரியாது, கொழுகொழுன்னுதான் இருக்கும். ஒரு நாள் மொத்தத்தையும் ரத்தத்துல விட்டுடும். அந்த உப்புக்கட்டியிலயும் காப்பர்தான். நேத்து எதாச்சும் வெரட்டுனீங்களா?"

"எடை பாத்தேன்."

"அந்தப் பயம் போதும். இனிமே எதுவும் இதுங்கள மெரட்டக் கூடாது. ஓட விடாதீங்க, பிடிக்காதீங்க. நான் குடுக்குற மருந்த நறுக்கின புல்லுல தெளிச்சு வைங்க. இந்த ரெண்டு மூனு நாள் தாண்டணும்."

அவர் காரில் ஏறும்போது படுத்திருந்த பெண் ஆடும் போய்விட்டது. ஒன்பது மிச்சம். கணவர் புண்ணாக்கு மூட்டையை வெள்ளாட்டுப் பக்கம் இழுத்துப்போனார், உப்புக்கட்டியை அவிழ்த்தார், செத்த இரண்டையும் மரத்தடியில் கித்தான் போட்டு மூடினார்.

மாலை ஆறரை இருக்கும். வரிசையின் அந்தக் கோடியிலிருந்து மோட்டார் சைக்கிளைத் திருகிவிட்டது போல ஓர் உறுமல் கேட்டது. டெங்கிக் கொசுவை ஒழிக்கப் புகை அடிக்கிறவர்கள். யாருக்கோ காய்ச்சல் என்று வீடு வீடாக அடித்துக்கொண்டு வந்தார்கள். செம்மறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு கால்களை உதைத்தது.

செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினேன். முகமூடி போட்ட மலாய்க்காரர் என்னைப் பார்த்து இயந்திரத்தை அணைத்தார். மூச்சு வாங்க மலாய் மொழியில் கெஞ்சினேன். ஆடுகளுக்கு உடம்பு சரியில்லை, சத்தம் கேட்டாலே செத்துவிடும் என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். எந்த வீட்டையும் விட முடியாது, இங்கே ஒரு பிள்ளை டெங்கியில் படுத்திருக்கிறது என்றார். அதுவும் நியாயம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் பின்னாலேயே வந்து அவர் கையைப் பிடித்தார். "பாங், வந்து ஒரு தடவ பாருங்க" என்று அண்ணன் முறை சொல்லிக் கூட்டிப்போனார். மரத்தடியில் கித்தான் போட்டு மூடியிருந்த இரண்டையும் பார்த்ததும் அந்த மனிதர் முகமூடியைக் கழற்றினார். மற்ற வீடுகளை முடித்துவிட்டு, எங்கள் வரிசைக் கடைசியை நாளை மறுநாள் அடிப்பதாகச் சொன்னார். அதுவரை தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது என்றார். எங்கள் பக்கம் வராமலே, தூரத்திலிருந்து சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது. நான் செம்மறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் எதையோ பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. கணவர் வாளி, டயர், தொட்டி எல்லாவற்றையும் ஓசைப்படாமல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஒன்பதில் ஒன்று எழவில்லை. சத்தத்தினாலா, ஏற்கெனவே விஷம் ஏறிவிட்டதா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. மற்ற எட்டும் நின்றன. திங்கட்கிழமை புகை அடித்தபோதும் ஒன்றும் விழவில்லை; செவ்வாயும் தாண்டியது. கணவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தார். நறுக்கிய புல்லில் நான் மருந்து தெளிக்க, அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் வைத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை நிற்பார். மருந்து பல வாரம் போனது. இரத்தப் பரிசோதனையில் எட்டுக்கும் ஆபத்து குறைந்துவிட்டது என்று வந்தது.

வெள்ளாடுகளுக்கு இன்றும் அளவாகப் புண்ணாக்கு உண்டு. கொட்டகை நடுவில் பலகை அடித்து இரண்டையும் பிரித்துவிட்டோம். செம்மறிகளுக்கு நேப்பியர் புல், சோயாப் புண்ணாக்கு கொஞ்சம், செம்மறிக்கென்றே காப்பர் சேர்க்காமல் செய்த உப்பு. எடை பழையபடி மெதுவாகத்தான் ஏறுகிறது.

அந்தப் பொய்யைப் பற்றி அவர் கேட்டது ரொம்ப நாள் கழித்துத்தான். புல் அறுத்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் என்கிட்ட மறைச்ச?"

"ஆடு சீக்கிரம் வளந்தா, நீங்க பாலம் தாண்டுறத நிப்பாட்டலாம்னு நெனச்சேன். வீட்டோட இருக்கலாம்ல."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றார். "மூனு ஆடு செத்த பிறகா சொல்லுவ?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று நான் கட்டிய புல்லுக்கட்டையும் சேர்த்து அவரே தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.