பதின்மூன்று நிமிடப் பற்றாக்குறை

எங்கள் இசைக்குழு பதினோரு வாரம் இருந்தது. ஆட்கள் மூன்று, பாட்டுகள் ஒன்பது, மேடைகள் நான்கு, பெயர்கள் ஆறு. எந்தப் பெயரிலும் மூவருக்கும் ஒரே நேரத்தில் உடன்பாடு வந்ததில்லை. கடைசியில் ஒருத்திக்கு ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்து, சண்டையில்லாமல் கலைந்தோம்.

லண்டன் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணிகளைச் சோதிப்பது என் வேலை. ஒரு நாள் ஒத்திகை அறைகள் இருந்த கட்டடமொன்றில் மணியை அடிக்கவிட்டேன். எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஓர் அறையில் மட்டும் இரண்டு வெள்ளைக்காரர்கள் அந்த மணியின் தாளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டாரோடு பாடியவள் பிளம்பர். டிரம்ஸ் அடித்தவர் பஸ் ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர். அவர்களை வெளியேற்றத்தான் உள்ளே போனேன். பேஸ் கிட்டாருக்கு ஆளில்லை என்றார்கள். பல்கலைக்கழகத்தில் வாசித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மைதான், மூன்று பாட்டு.

பஸ் ஓட்டுநருக்குப் பப் ராக் வேண்டும்: கையில் பியரோடு நிற்பவர்கள் காலால் தாளம் போடுகிற, அவசரமில்லாத பாட்டு. பிளம்பருக்குப் பங்க் வேண்டும்: மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும். அவருடைய பாட்டுகளை அவளுடைய வேகத்தில் வாசிப்பது என்று முடிவானது. அதனால் ஒத்திகையில் ஒன்பது பாட்டும் இருபத்தொரு நிமிடத்தில் முடிந்தன.

முதல் மேடை ஒரு தோட்டம். இரண்டாவது பாட்டில் மழை. அடுத்தது ஒரு மண்டபம். அங்கே மூன்றாவது பாட்டில் மின்சாரம் போனது. எங்களை முழுதாகக் கேட்டவர் உலகத்தில் எவரும் இல்லை. பதினான்கு பப்களுக்கு எழுதினோம். லூயிஷாமில் ஒன்று மட்டும் பதில் போட்டது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, இடைவெளி இல்லாமல் முப்பது நிமிடம் வாசித்துக் காட்டினால் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு எங்களுக்கு. இல்லாவிட்டால் அந்த நேரத்தை வினாடி வினாவுக்குக் கொடுத்துவிடுவதாக அதன் மனேஜர் சொன்னாள். வேறு இடம் இல்லை என்பதால் அந்த முப்பது நிமிடம்தான் எங்கள் ஆயுள்.

நிமிடக் கணக்கோடு பட்டியல் எழுதினேன். மீதி ஒன்பது நிமிடத்தை நிரப்ப, பாட்டுகளுக்கு நடுவே யார் என்ன பேச வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

சாமான்களை ஏற்றிவந்தது என் பெரியம்மாவின் மகன். அண்ணை ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, லூயிஷாமில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய கடைச் சரக்கு வானின் பின்பக்கம் கோயில் மடப்பள்ளிக்கு அரிசி மூட்டைகள்; அவற்றுக்கு மேலே என் அம்பிளிபயர். எங்கள் சாமான்களை மட்டும் இறக்கி முடித்து, வானைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டது நான்.

மேடையில் பஸ் ஓட்டுநர் தாமதமாகிவிட்ட பஸ்ஸை ஓட்டுவதுபோல அடித்தார். பேச வேண்டிய இடங்களில் பிளம்பர் பேச மறந்தாள். ஒன்பதாவது பாட்டு முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு நிமிடம். மனேஜரும் தன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நிறுத்தினால் போச்சு. டிரம்ஸ் ஓயவில்லை; அதற்கு மேல் நான் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அண்ணை வாசலில் வந்து நின்று கத்தினார்.

"தங்கச்சி, வான் திறப்பைத் தா."

திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையும் கிட்டாரில். வாய்க்கு முன்னால் மைக்.

"ஏலாது அண்ணை."

"என்னெண்டு ஏலாது? கோயிலிலை அரிசிக்குப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"இப்ப ஏலாது."

"அப்ப எப்ப ஏலும்?"

"ஏலாது, ஏலாது, ஏலாது."

மூன்றும் தாளத்தில் விழுந்துவிட்டன. பிளம்பர் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். கிட்டாரை ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மைக்கில் கத்தினாள்: "ஏலாடு!" முன்வரிசையில் இருந்த நான்கைந்து பேர் திருப்பிக் கத்தினார்கள். பிறகு மொத்தப் பப்பும்.

அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பிளம்பரின் மைக்கைப் பிடித்தார்.

"ஏலாடு இல்லை. ஏலாது. நாக்கைப் பல்லிலை வையுங்கோ." பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

நாற்பது பேர் நாக்கைப் பல்லில் வைத்தார்கள். "ஏலாது."

"ஓம், அப்பிடி," என்றார் அண்ணை. அதோடு திறப்பை மறந்துவிட்டார்.

"இந்த ரோட்டிலை வான் விட ஏலுமோ?"

"ஏலாது!"

"கவுன்சிலுக்குப் போன் எடுத்து ஒரு மனிசரோடை கதைக்க ஏலுமோ?"

"ஏலாது!"

"இந்த ஊர்ப் பேக்கரிப் பாணைத் தின்ன ஏலுமோ?"

அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் எவ்வளவு உறுதியாகப் பதில் சொன்னார்கள். நான் சிரித்ததில் சுரம் தவறியது. பிளம்பர் சிரித்ததில் கிட்டார் நின்று நின்று வந்தது. பஸ் ஓட்டுநர் மட்டும் முகத்தை அசைக்காமல் அடித்தார். அன்றுதான் முதல் முறையாக அவர் விரும்பிய வேகத்தில். இந்நாட்டுக் கதவுக் கைப்பிடிகள், மழை, மாமியாரின் ஐபேட் என்று அண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் கேள்வி தீர்ந்து, "வேறை என்ன கேக்க?" என்று என் பக்கம் திரும்பினார். அதற்கும் ஏலாது என்றார்கள்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் நிறுத்தினோம். மனேஜர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளினாள். கடைசி ஞாயிறு உங்களுக்கு என்றாள். அந்தப் பாடகரும் வருவாரா என்று கேட்டாள். எந்தப் பாடகர் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை.

அரிசி கோயிலுக்குப் போய்ச் சேர நான்கு மணி தாண்டிவிட்டது. மடப்பள்ளி வாசலில் காத்திருந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூட்டையின் ஒரு முனையை நானும் பிடித்தேன்.

"எங்கை ஐசே இவ்வளவு நேரமும் நிண்டனீர்?"

"ஒரு கச்சேரி இருந்தது," என்றார் அண்ணை.

"கச்சேரியோ? ஆற்றை?"

"என்ரைதான்." என் பக்கம் தலையை ஆட்டினார். "இவளும் கூட வாசிச்சவள்."