குழாய் ஊளையிட்டது, நான் மேலே பார்த்தேன்

"நீ படிச்சது பிசிக்ஸா... இல்ல பேயா?"

கேட்டவர் எங்கள் தெரு ஸ்டெல்லா அக்கா. கேட்ட இடம், பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு மாடிப்படி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் பைபிள், கண்ணில் நெருப்பு.

நான் படித்தது பிசிக்ஸ்தான். அதிர்வுகளை அளப்பது என் வேலை. வெளியே ரோட்டில் ஒரு லாரி போனால்கூட என் கருவி அதைச் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்ட முதல் ஆளும் நானே. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. பழைய வாசகர்களுக்குத் தெரியும். முதல் தோசை ஏன் கல்லில் ஒட்டுகிறது என்று எழுதிய வாரத்திலும் இதைச் சொல்லாமல் விடவில்லை!

ஆனால் பேய்க் கதை என்றால் எனக்கு உயிர். பேயை நம்புகிறேனா? இல்லை. பிறகு எதற்குப் படிக்கிறேன்? இல்லாத ஒன்று, இருக்கிற என் கையை மயிர்க்கூச்செறிய வைக்கிறதே... அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு ஹாலில் மேஜை விளையாட்டு நடக்கும். மேஜை கிடையாது, பாய்தான். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வீட்டின் வரைபடம் போடுவேன். அம்மா வேலை செய்யும் கார்மென்ட்ஸிலிருந்து வந்த உபரி பட்டன்கள்தான் காய்கள். நான் கதை சொல்வேன். விளையாடுகிறவர்கள் "நான் ஜன்னல் வழியா குதிக்கிறேன்", "நான் ஒளிஞ்சிக்கிறேன்" என்று முடிவெடுப்பார்கள். அது பலிக்குமா, பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு டைஸ் சொல்லும். வீடு பெரும்பாலும் பேய் வீடு.

வருகிறவர்கள் மூன்று பேர். ரம்யா, ஷபானா, ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனி. மூவரும் ஒரே பள்ளியில் ஒன்பதாவது.

"என் பொண்ணு ஸ்கூலுக்குப் போ மாட்டேன்றா, தெரியுமா? பாத்ரூம்ல பேய் கீதாம். ஊ...ன்னு கத்துதாம். எல்லாம் உங்கூட்டு ஹால்ல கத்துக்கினதுதான்!" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"அக்கா, அது வெறும் கேம்..."

"இன்னா கேமு? காலைல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்றா. சாயங்காலம் வயித்து வலின்றா. டாக்டரு தண்ணி குடி, தண்ணி குடின்றாரு. இவ பேய், பேய்ன்றா. எனக்கு வேலைக்குப் போறதா, இவ பின்னாடி திரியறதா? பேசாம நின்னுடட்டும். டென்த்தைப் பிரைவேட்டா எழுதிக்கலாம்."

பிரைவேட்டா எழுதிக்கலாம்.

இந்த வாக்கியத்தை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். எங்கள் தெருவில் அப்படி நின்ற பெண்களை எனக்குத் தெரியும். எழுதிய பெண் ஒருத்தியையும் தெரியாது.

"ஒரு வாரம் டைம் குடுங்கக்கா. அந்தப் பேயை நான் பாத்துக்கறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புதன்கிழமை லேபுக்கு அரை நாள் லீவு போட்டேன். தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, பள்ளி விட்ட பிறகு மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். கட்டடத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவில் அந்த பாத்ரூம். ஜெனி எட்டியே நின்றாள்.

ஆடிக் காற்று பெங்களூரையும் விடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் கேட்டது... ஊ... ஊ...

சொல்கிறேன், நிஜமாகவே நல்ல பேய்க் குரல்.

மேலே பார்த்தேன். கூரையைத் தாண்டி நீண்டிருந்தது ஒரு காற்றுக் குழாய். அதன் தலையில் இருக்க வேண்டிய தொப்பி இல்லை. காற்று வீசும்போதெல்லாம் சத்தம், நின்றால் அமைதி. போனில் பதிவு செய்தேன். குழாயின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிட்டேன். மனக்கணக்குப் போட்டேன். பொருந்தியது!

பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து அதன் வாயில் குறுக்காக ஊதிக் காட்டினேன். ஊ... "இதேதான். குழாய்க்குள்ள இருக்குற காத்து நடுங்குது. புல்லாங்குழலும் இதே வேலையைத்தான் செய்யுது. நீளமான குழாய்னா தடிச்ச குரல், குட்டைன்னா கீச்சுக் குரல். அவ்ளோதான் உங்க பேய்."

ஹார்ட்வேர் கடையில் புதுத் தொப்பி வாங்கி வந்து தந்தேன். வாட்ச்மேன் ஏறி மாட்டினார். பேய் வாயை மூடிக்கொண்டது.

"பேய் செத்துப் போச்சு!" என்று ரம்யா கத்தினாள்.

"அரே, அது எப்போ உயிரோட இருந்துச்சு, சாவறதுக்கு?" என்றாள் ஷபானா.

ஜெனியும் சிரித்தாள். கைகூடத் தட்டினாள். அன்று எனக்கிருந்த பெருமையை அளக்க என் லேபில் கருவி கிடையாது. குழாயைப் படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இந்தப் பத்திக்கு அதையே எழுதிவிடலாம் என்று முதல் பாராவைக்கூட மனதில் போட்டுவிட்டேன்.

மறுநாள் ஜெனி பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையும்.

அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் சுருண்டு படுத்திருந்தாள்.

"பேய் இல்லன்னு தெரிஞ்சிடுச்சுல்ல?"

"தெரிஞ்சிடுச்சுக்கா."

"அப்புறம் என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

எல்லாம் சரியாக இருக்கிறது. விடையும் சரி. ஆனால் சோதனை தோற்றுவிட்டது. லேபில் இப்படி நடந்தால் கருவியைத் திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது?

சனிக்கிழமை வந்தது. மறுநாள் என் கெடு முடிகிறது. விளையாட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரம்யா ஜெனியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சரி, கொஞ்ச நேரமாவது இந்தப் பெண் சிரிக்கட்டும் என்று காலண்டர் தாளை விரித்தேன்.

மலை மேல் ஒரு பழைய ஹாஸ்டல். நீண்ட காரிடர். அதன் ஒரு முனையிலிருந்து ஏதோ ஒன்று தரையில் காலை இழுத்துக்கொண்டு வருகிறது. ரம்யாவின் சிவப்பு பட்டன் மாடிக்கு ஓடிவிட்டது. ஷபானாவின் பட்டன் கட்டிலுக்கு அடியில். ஜெனியின் நீலப் பட்டன் மட்டும் காரிடரில். எனக்கு அவளைத் தப்பவிட ஆசை. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்தேன்.

"ஜெனி, உன் கைப்பக்கம் ஒரு பாத்ரூம் இருக்கு. கதவு திறந்திருக்கு. உள்ள போயிட்டா சேஃப். அதால அங்க வர முடியாது."

ஜெனி பட்டனை நகர்த்தவில்லை.

"தாப்பா இருக்காக்கா?"

"என்னது?"

"கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்கா?"

எந்தக் கதை சொல்லியும் யோசிக்காத கேள்வி. வழக்கம்போல, "டைஸ் போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"அது டைஸ் போட்டுப் பாக்குற விஷயமாக்கா?" என்று ரம்யா பட்டென்று கேட்டாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை.

ஜெனி தலை நிமிரவில்லை. "தாப்பா இல்லன்னா நான் உள்ள போகல. காரிடர்லயே நிக்கிறேன்."

"அது வருதுடி... காலை இழுத்துக்கினு!" என்றாள் ஷபானா.

"வரட்டும்."



பேயோடு நிற்கத் தயாராக இருந்தாள் அந்தப் பெண். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் போகத் தயாராக இல்லை.

தண்ணீர் குடிக்காதது, வயிற்று வலி, மைதானத்தை ஒட்டிய கதவு... அத்தனையும் என் கண் முன்னால்தான் இருந்தன. நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவை ஒருமுறை சாத்திப் பார்க்கத் தோன்றியதா எனக்கு?

"ஸ்கூல்லயும் தாப்பா இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

ரம்யாதான் பதில் சொன்னாள். "எப்பவோ பிச்சிட்டாங்கக்கா. ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய புடிச்சிக்கினு நிப்போம். கிரவுண்டுல இருந்து பசங்க ஓடியாந்து தள்ளுவானுங்க. தள்ளிட்டு சிரிப்பானுங்க. அன்னிக்கு ஜெனி உள்ள இருக்கும்போது..."

"சொல்லாத" என்றாள் ஜெனி. ரம்யா நிறுத்திக்கொண்டாள்.

"இதை ஏன் வீட்ல சொல்லல?"

ஷபானா என்னைப் பார்த்தாள். இவ்வளவு படித்த அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை. "பேய்னு சொன்னா திட்டுவாங்க, இல்லன்னா மந்திரிப்பாங்க. பசங்கன்னு சொன்னா ஸ்கூலையே நிறுத்திடுவாங்கக்கா."

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்திச் சத்தம் நின்றிருந்தது. "எங்க ஸ்கூல்ல கதவே இல்ல. அதான் நானும் அஞ்சாவதோட நின்னேன்" என்றார். பிறகு கத்திச் சத்தம் தொடர்ந்தது.

அம்மாவுக்குப் படிப்பு ஏறவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லப்பட்டு வந்த கதை.

எத்தனையோ பேய்க் கதைகள் படித்திருக்கிறேன். நல்ல கதைகளில் பேய் சும்மா வருவதில்லை. அந்த வீட்டில் யாரோ எதையோ வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருப்பார்கள். அதைச் சொல்லத்தான் பேய் வரும். இது எனக்குப் பக்கம் பக்கமாகத் தெரியும். தெரிந்து? ஒரு கதை என் பாயிலேயே வந்து உட்கார்ந்தபோது நான் பாட்டிலில் ஊதிக்கொண்டிருந்தேன்!

"உங்கம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று ஜெனியிடம் கேட்டேன்.

அவள் வெகுநேரம் யோசித்தாள். "நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஜெனி சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில், எல்லாவற்றையும். சனிக்கிழமை ரம்யாவைச் சொல்லவிடாததையும் சேர்த்து. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி?" ஸ்டெல்லா அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்ப."

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினார்.

"ஆமா... நிறுத்தியிருப்பேன்" என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு லீவு போடறேன். மலர், நீயும் வா."

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டார். "யாக்கம்மா யாரூ ஹேளலில்ல?" என்றார். ஏன் யாருமே சொல்லவில்லை என்று.

ஸ்டெல்லா அக்காவும் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தார். "ஹேளோ ஹாகே இத்தா மேடம்?" சொல்கிற மாதிரியா இருந்தது?

 அந்த அம்மாள் எழுந்தார். நல்ல மனுஷி. சாக்குச் சொல்லவில்லை. இடைவேளைகளில் ஆயாவை அங்கேயே நிற்கச் சொன்னார். கதவைத் தள்ளியவர்களின் அப்பா அம்மாவை வரச் சொன்னார். தாழ்ப்பாளுக்கு ஆள் அனுப்ப நாளாகும் என்றபோது, "நானே மாட்டட்டுமா மேடம்?" என்று கேட்டேன். பெயின்டர் வேலை செய்யும் என் அப்பா, கூட வேலை செய்பவரிடமிருந்து டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கித் தந்தார். அன்று மாலையே கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து, நீள ஸ்க்ரூ போட்டு மாட்டினேன்.

ஸ்டெல்லா அக்கா அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ் போட்டுக்கொண்டார்.

"தள்ளு!" உள்ளேயிருந்து குரல்.

தள்ளினேன்.

"இன்னா தள்ற? உங்கூட்ல சோறு போடறதில்லையா? நல்லாத் தள்ளு!"

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ரம்யாவும் ஷபானாவும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஜெனியும் வந்து, இரண்டு கைகளையும் கதவில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பலமெல்லாம் கொடுத்துத் தள்ளினாள். நாங்கள் மூவரும் மூச்சு வாங்கி விலகிய பிறகும் அவள் மட்டும் தள்ளிக்கொண்டேயிருந்தாள்.

கதவு அசையவில்லை.

தாழைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா அக்கா வெளியே வந்தார். வியர்த்திருந்தார். மகளின் தலையில் ஒரு தட்டு தட்டினார். "நாளைக்கு ஸ்கூலுக்குக் கெளம்பு. இன்னொரு வாட்டி தள்னானுங்கன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லு. ஸ்கூலை நிறுத்த மாட்டேன். அவனுங்களை நிறுத்தறேன்."

ஜெனி இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இனி ஷபானாவின் தங்கை. அவள் படிப்பது வேறு பள்ளி. அங்கே சத்தம் இல்லை, வதந்தியும் இல்லை, பேயே இல்லை. பாத்ரூம் கதவு எப்படி என்று கேட்டேன். சின்னப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். நேற்றே அந்தத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

டிரில்லிங் மெஷின் இந்த முறை இரவல் இல்லை, சொந்தமாகவே வாங்கிவிட்டேன். தள்ளிப் பார்க்க ஸ்டெல்லா அக்கா வியாழக்கிழமைக்கு வேலையில் லீவு சொல்லிவிட்டார்.